ஐம்பது தோள்: இறுகிப்போன தோள்பட்டைக்குச் சீன மருத்துவ வழி

கையைப் பின்னால் வளைத்து ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிவதில்லை. பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸ் எட்டுவதில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நடுராத்திரியில் வலி எழுப்பிவிடுகிறது. பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வரும் இந்தத் தொல்லைக்குச் சீனாவில் ‘ஊஷிஜியான்’ என்று பெயர்; ‘ஐம்பது தோள்’ என்று அர்த்தம். நம் ஆஸ்பத்திரிகளில் ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். ‘லோவ்ஜியான்ஃபெங்’ என்று இன்னொரு பழைய சீனப் பெயரும் உண்டு. போர்வைக்கு வெளியே தோள் தெரியத் தூங்கியதால் அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்துவிட்டது என்பது அந்தப் பெயருக்குள் இருக்கும் கதை.

காற்றும் குளிரும் ஈரமும் நாளங்களில் தங்கி, உயிர்சக்தியும் ரத்தமும் ஓடுவதை மறிக்கின்றன. ஓட்டம் நின்ற இடத்தில் வலி என்கிறது சீன மருத்துவம். மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுகிறது என்கிறது நவீன மருத்துவம். விளக்கம் வேறானாலும் வீட்டில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்: சூடு காட்டு, பிறகு அசை. இந்த வரிசையை மாற்றுவதாலும் அவசரப்படுவதாலும்தான் பலருக்கு வலி கூடுகிறது.

முதலில் இது அதுதானா?

முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பிறகு இன்னொருவர் அதே கையை மெதுவாகத் திருப்பிப் பார்க்கட்டும். உங்களாலும் முடியவில்லை, அவர் திருப்பினாலும் கதவு தாழ் போட்டதுபோல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் மூட்டு உறைதான் இறுகியிருக்கிறது. அவர் திருப்பும்போது சுலபமாகப் போய், நீங்களாகத் தூக்கும்போது மட்டும் தடுமாறினால் தசைநாரில் கோளாறு இருக்கலாம். அதற்கு எலும்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இடது தோளில் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் அழுத்துவதற்கு ஒரு புள்ளியையும் தேடாதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழுந்து அடிபட்ட தோள், சிவந்து வீங்கி ஜுரத்தோடு இருக்கும் தோள், காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே வரும்போது வலிக்கும் தோள் ஆகியவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் அதிகம் வரும், பிடிவாதமாகவும் இருக்கும். சர்க்கரை அளவைப் பார்க்காமல் தோளை மட்டும் கவனிப்பது அரைகுறை வேலை.

வலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அடுத்து. முதல் சில மாதங்களில் வலி மிகுதி, இறுக்கம் கூடிக்கொண்டே போகும். அடுத்து வலி குறையும், ஆனால் தோள் பூட்டிக்கொள்ளும். கடைசியில் மெல்ல இளகும். மொத்தம் ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஆகலாம். முதல் கட்டத்தில் தோளுக்குத் தொலைவில் உள்ள அழுத்துப் புள்ளிகளும் மிதமான சூடும் போதும். வலுவான பிடித்தல் கூடாது. கீழே சொல்லப்படும் மற்ற எல்லாம் இரண்டாம் கட்டத்திலிருந்துதான்.

காலில் தொடங்குங்கள்

வலிக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தொலைவில் ஒரு புள்ளியை அழுத்தி, அழுத்திக்கொண்டே தோளை அசைக்கச் சொல்வது சீன மருத்துவர்களின் வழக்கம். தோளுக்குப் பெயர்பெற்ற புள்ளி கெண்டைக்கால் பக்கம் இருக்கிறது: ‘தியாவ்கோவ்’. அளவெடுக்க ‘சுன்’ என்ற அலகு வேண்டும். கட்டைவிரலின் நடுக்கணு அகலம் ஒரு சுன். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். அளக்க வேண்டியது வலி உள்ளவரின் விரலால், அழுத்துகிறவரின் விரலால் அல்ல. புள்ளி தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அங்கிருந்து வெளிக் கணுக்கால் எலும்பின் நுனிவரை 16 சுன். அதில் சரிபாதிக்கு வந்து, கணைக்கால் முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி அழுத்துங்கள். இரண்டு காலிலும் அழுத்திப் பார்த்து, எதில் சுருக்கென்று வலிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். வலி உள்ளவர் நாற்காலியில் உட்கார, மற்றவர் கட்டைவிரலால் 2 முதல் 3 நிமிடம் அழுத்திப் பிடிக்க, இவர் கையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். வலி தொடங்கும் எல்லையைத் தொட்டுத் திரும்பினால் போதும். கிளினிக்கில் இதே புள்ளியில் அக்குபங்சர் ஊசியை ஆடுதசைப் பக்கம் நோக்கி ஆழமாகச் செலுத்துவார்கள்; வீட்டில் விரல் மட்டும்.

கையிலும் புள்ளிகள் உண்டு. எதை எடுப்பது என்பதை வலி காட்டும் இடமே சொல்லும். தோளின் முன்-வெளிப்புறம் வலித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக எழும் ‘ஹேகூ’. வெளிப்புறமும் சற்றுப் பின்னாலும் என்றால் புறங்கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே, கணுக்களுக்குச் சற்று மேலே உள்ள பள்ளமான ‘ஜோங்ஜு’. தோளெலும்பின் மேல், பின்பக்கம் என்றால் முஷ்டி மடக்கும்போது சுண்டு விரல் பக்க ரேகை முடியும் ‘ஹோவ்ஷி’. இந்தக் கடைசிப் புள்ளிக்கு ஆள் வேண்டாம். முஷ்டியின் ஓரத்தை மேஜை விளிம்பில் வைத்து இப்படியும் அப்படியும் உருட்டினாலே ஆகிவிடும்.

சூடு

மோக்ஸா என்பது காய்ந்த சீன மாசிபத்திரி இலையை இடித்துப் பஞ்சாக்கிச் சுருட்டிய குச்சி. நம் மரிக்கொழுந்தும் அதே குடும்பத்துச் செடிதான். நுனி கனன்றதும் தோலிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு புள்ளிக்கு 10 நிமிடம் காட்டுங்கள். தோல் இளஞ்சிவப்பாக வேண்டும். அடர்சிவப்பானால் கிட்டே போய்விட்டீர்கள். பிடிக்கிறவர் மற்றொரு கையின் இரண்டு விரல்களைப் புள்ளிக்கு இருபுறமும் வைத்துக்கொண்டால் தன் விரலே சூட்டை அளந்து சொல்லும். சாம்பல் நீளும்போதெல்லாம் கிண்ணத்தில் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோலில் விழும். அணைக்கத் தண்ணீர் தெளித்தால் உள்ளே கனல் தங்கும். மணலில் குத்தி வையுங்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில் இந்தப் புகை ஆகாது. அங்கே துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை 15 நிமிடம் போதும். சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய தோலில் எந்தச் சூடும் வைக்கக் கூடாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

சூடு காட்டும் இடங்கள்: கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினால் தோள் உச்சியில் இரண்டு குழிகள் விழும். முன்குழி ‘ஜியான்யூ’, பின்குழி ‘ஜியான்லியாவ்’. கை அவ்வளவு உயராதவர்கள் நல்ல தோளில் பார்த்து, இந்தப் பக்கம் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பின்பக்க அக்குள் மடிப்பின் நுனிக்கு ஒரு சுன் மேலே ‘ஜியான்ஜென்’. இந்த மூன்றும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

சூடு காட்டிய கையோடு பிடித்துவிடலாம். ‘துய்னா’ பிடித்தலில் இதற்கென்றே உருட்டு முறை ஒன்று உண்டு: புறங்கையின் சுண்டு விரல் பக்கத்தைத் தசையில் வைத்து, மணிக்கட்டை மடக்கி நீட்டி உருட்டுவது. தேய்ப்பதல்ல, கை வழுக்கவே கூடாது. அதனால் எண்ணெய் வேண்டாம். தோளின் சதைப்பிடிப்பில் 5 நிமிடம் போதும். விரல் கணுக்களால் எலும்பில் இடிப்பது, ‘படக்’கென்று கையை உயர்த்தி, ஒட்டிக்கொண்ட மூட்டு உறையைப் பிரிப்பது இரண்டும் சேதம்தான். அன்று இரவு வலி முந்தைய நாளைவிட அதிகமானால் கொடுத்த அழுத்தம் அதிகம். அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

சுவர் ஏறுதல்

இது தினமும், இருவேளை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லிபோல் படிப்படியாக மேலே ஏற வேண்டும். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. பத்து எண்ணிவிட்டு விரல்களாலேயே இறங்குங்கள், கையைத் தொப்பென்று போடாதீர்கள். பத்து முறை. ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: தோளைக் காதுவரை குலுக்கி, உடம்பைச் சாய்த்தால் கோடு உயரும், மூட்டு உயர்ந்திருக்காது. கண்ணாடி முன் செய்தால் பொய் தெரிந்துவிடும். வெளிப்பக்கத் திருப்பத்துக்கு ஒரு குடை போதும்: முழங்கைகள் விலாவில், இரண்டு கையிலும் குடை, நல்ல கையால் மெல்லத் தள்ளுவது.

கப்பிங் (உள்காற்றை இழுத்த குவளையைத் தோலில் ஒட்டவைப்பது) போட விரும்பினால் கழுத்தடித் தசையிலும் தோளெலும்பின் மேலும் 5 முதல் 10 நிமிடம். கருஞ்சிவப்பு வட்டம் சில நாளில் மறையும். கொப்புளம் வந்தால் இழுவை அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

ஊசியும் மருந்தும்

அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ளப் போனால் உறை பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியா என்று கண்ணால் பாருங்கள். கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவில் உள்ள ‘ஜியான்ஜிங்’ புள்ளிக்குக் கீழே நுரையீரல் இருக்கிறது. ஆழமாகப் போனால் குத்துப்பட்டுக் காற்று கசியும். ஊசிக்குப் பின் மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தப் புள்ளியையும் ஹேகூவையும் மரபாகவே தவிர்ப்பார்கள்.

தோள் வலிக்குச் சீனர் தரும் பழைய கஷாயம் ‘ஜுவான்பி தாங்’. அதில் நம் மஞ்சளும் இருக்கிறது. தோளுக்கும் கைக்கும் போகும் சரக்கு என்று அவர்கள் மஞ்சளைச் சொல்வார்கள். அதே கஷாயத்தில் உள்ள ‘தாங்குய்’ வேர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடும். மூட்டுவலிக்கான சில சீன மருந்துகளில் ‘சுவான்வூ’ என்ற பெயரில் வச்சநாபி இனத்து நச்சுக் கிழங்கு சேர்கிறது; பக்குவம் தப்பினால் இதயத் துடிப்பையே குலைக்கும். சரக்கு மாறிப்போவதும் உண்டு. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் இளைப்பதற்கான மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்து, பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. சரக்குப் பட்டியல் இல்லாத பொட்டலம் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

படுக்கும்போது நல்ல பக்கம் ஒருக்களித்து, வலிக்கிற கையின் முழங்கைக்கடியில் தலையணை வையுங்கள். மின்விசிறிக்கும் ஏசிக்கும் நேராகத் தோளைக் காட்டாமல் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளலாம். ஆறு வாரம் கழித்துச் சுவரிலுள்ள தேதிகளைப் பாருங்கள். பென்சில் கோடு ஏறவே இல்லை, இரவு வலியும் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். போகும்போது அந்தக் கோடுகளை ஃபோனில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.