தனியாக ஜெர்மனி போகிறீர்களா? பணத்தையும் வீட்டையும் இந்த வரிசையில் பாருங்கள்

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து மேல்படிப்புக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே வாடகை எவ்வளவுங்க?" என்றுதான். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போய் இறங்கிய முதல் சில வாரங்கள் உங்கள் பணம் கணக்கில் இருக்கும், கைக்கு வராது.

விசாவுக்காக நாம் பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது ஓராண்டுச் செலவுப் பணத்தை முடக்கி வைக்கும் கணக்கில், கட்டும் பணம் மாதா மாதம்தான் வெளியே வரும். அது வந்து சேர அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்கப் போனால் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரி பதிய வீடு வேண்டும், வீடு பிடிக்கப் பணம் வேண்டும். இந்தச் சிக்கலை ஊரிலேயே அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் பங்கு பிளாக்டு அக்கவுண்ட். மாணவர்களுக்கு 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. இந்தத் தொகை அவ்வப்போது ஏறும் என்பதால், கட்டும் முன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால்கூட இது 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி டிசிஎஸ் என்னும் வரியை முன்கூட்டியே பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை. பிடித்தால் பயப்பட வேண்டாம். யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ, அவர் வருமான வரி தாக்கல் செய்யும்போது கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பங்கு வீட்டுக்கு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தற்காலிகத் தங்கல், அட்வான்ஸ், முதல் மாத வாடகை எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். 2,500 யூரோவாவது தனியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. இதை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது யூரோவை முன்பே ஏற்றி வைக்கும் அட்டையில், போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஏடிஎம் திரையில் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடும் விலைக்குத்தான் மாற்றம் நடக்கும்.

மூன்றாவது, கைச்செலவுக்கு நோட்டாகக் கொஞ்சம். 3,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகத் தர மாட்டார்கள், அவ்வளவு தேவையும் இல்லை.

அப்புறம், ஓடிபி வரும் இந்திய சிம்மில் ரோமிங்கைப் போட்டுவிட்டே விமானம் ஏறுங்கள். சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வங்கியில் சொல்லிவிடுங்கள்.

படி 2: வீடு தேடுங்கள்

நான் கிளம்பும்போது கோபியில் எங்கப்பா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "அங்கயும் பத்து மாச அட்வான்ஸ் கேப்பாங்களா கண்ணு?"

"இல்லீங்கப்பா. மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க."

அந்த மூன்று மாதமும் 'கால்ட்மீட்டே' என்னும் வெறும் வாடகையின் கணக்கு. வெந்நீர்ச் சூடேற்றல், குப்பை, பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது 'வார்ம்மீட்டே'. வெறும் வாடகை 300, மற்றவை 100 என்றால் மாதம் 400 கட்டுவீர்கள், அட்வான்ஸ் 900-க்கு மேல் போகாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி. சமையலறையை விசாரிக்க மறக்காதீர்கள். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லாமல் வெறும் சுவராக விடும் வீடுகள் அங்கே சாதாரணம்.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள், வரிசை நீளம். கிடைக்கும் வரை தங்கும் தற்காலிக இடத்தில், முகவரி பதிய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், அந்தக் கடிதம் இல்லாமல் பதிய முடியாது.

"நான் வெளியூரில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நம்ம ஊரில் வீடு பார்க்க மாமாவோ சித்தப்பாவோ ஒரு எட்டுப் போய் வருவார்கள். அங்கே அந்த வேலையை, அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் சீனியரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நாங்களும் அப்படித்தான் உதவி வாங்கினோம். நேரில் பார்க்க ஆளே இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள்.

படி 3: சாவி வாங்கும் நாள்

வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்திடும் தாள் ஒன்று உண்டு. அவசரப்படாமல் நிரப்புங்கள். என் அறையில் ஜன்னலுக்குக் கீழே, பூந்தொட்டி வைத்த இடத்தில், தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையம் இருந்தது. "அது சின்ன விஷயம்" என்றார் வீட்டுக்கார அம்மா. சரி என்று விடாமல் ஒரு வரி எழுதவைத்து, படமும் எடுத்தேன். இரண்டு வருடம் கழித்துக் காலி செய்தபோது சோதிக்க வந்தவர் நேராக அந்த வளையத்தின் மேல்தான் வந்து நின்றார். தாளைக் காட்டினேன். அட்வான்ஸ் முழுசாகத் திரும்பியது. மின்சார, வெந்நீர் மீட்டர் எண்களையும் அப்போதே படம் எடுங்கள்.

அன்று மாலையே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால் திரும்பிப் போய்விடும். நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், அங்கே கடிதமெல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும். நான் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். வங்கி அட்டையின் ரகசிய எண் வந்த கடிதம் திரும்பிப் போய், மறுபடி வர பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை கையில் அட்டை இருந்தும் ஒரு யூரோ எடுக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயரையும் அதே எழுத்தில், பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.