பழைய மதர்போர்டிலேயே வேகமான ரெண்டரிங்: செயலியை மாற்றி, ஓவர்கிளாக் செய்யும் முறை

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (காட்சியைப் படமாக உருவாக்கும் வேலை) மணிக்கணக்கில் இழுத்தால், உடனே முழுக் கணினியையும் மாற்றத் தேவையில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (செயலி பொருந்தும் இடம்) கொண்ட மதர்போர்டு உங்களிடம் இருந்தால், செயலியை மட்டும் மாற்றிப் பெரிய முன்னேற்றம் காணலாம். 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் செயலி வந்த அதே சாக்கெட்டில்தான் 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசையும் வந்தது. இங்கே பி450 வகை ஏஎம்4 போர்டு ஒன்றில் ரைசன் 5 2600ஐக் கழற்றி, ரைசன் 9 5900எக்ஸ் பொருத்துவதை எடுத்துக்கொள்கிறேன். 6 கோர் (கணக்கிடும் அலகு) இருந்த இடத்தில் 12 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணி வரிசை) இருந்த இடத்தில் 24.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்தின் பெரும்பகுதி செயலியை மாற்றுவதில்தான் கிடைக்கும். ரெண்டர் நேரம் பாதிக்கும் கீழே போகும். அதற்குமேல் ஓவர்கிளாக் (செயலியை அதன் இயல்பைவிட வேகமாக ஓட்டுவது) தருவது சில சதவீதம்தான். அந்தச் சில சதவீதத்துக்காக இரவு முழுவதும் ஓட வேண்டிய ரெண்டர் நடுவில் நின்றுபோனால் நமக்கு நஷ்டம்.

முதல் படி: செயலிதான் தடையா?

பிளெண்டரின் ரெண்டர் அமைப்பில் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜின் எதில் ஓடுகிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் ஓடினால், செயலியை மாற்றுவதால் பெரிய பயன் இல்லை. அந்தப் பணத்தை நல்ல கார்டுக்குச் செலவிடுங்கள். செயலியில் ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரில் எல்லாக் கோர்களும் 100 சதவீதத்தில் நிற்கின்றன என்றால் மேலே படியுங்கள். வழக்கமாக ரெண்டர் செய்யும் காட்சியிலிருந்து ஒரு பிரேமை இப்போதே ரெண்டர் செய்து, நேரத்தைக் குறித்துவையுங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும்.

இரண்டாம் படி: போர்டு தாங்குமா?

போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான செயலிப் பட்டியல் இருக்கும். 5900எக்ஸ் அதில் இருக்கிறதா, எந்த பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிப்பு தேவை என்று பாருங்கள். பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. 5900எக்ஸின் டிடிபி (தயாரிப்பாளர் குறிப்பிடும் வெப்ப அளவு) 105 வாட் என்றாலும், ரெண்டரின்போது சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கும். செயலிக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க்கே இல்லாத மலிவு போர்டு, அந்தச் சுமையை மணிக்கணக்கில் தாங்காமல் சூடாகி வேகத்தைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட போர்டுக்கு 65 வாட் செயலியே பொருத்தம். 8 கோர் ரைசன் 7 5700எக்ஸ் நல்ல தேர்வு. உங்களுடையது ஏ320 போர்டு என்றால் ஓவர்கிளாக் வசதியே கிடையாது.

2600உடன் வந்த சிறிய கூலர் இதற்குப் போதாது. 5900எக்ஸுடன் பெட்டியில் கூலர் எதுவும் வராது. இரட்டைக் கோபுர ஏர் கூலர் அல்லது 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: பயாஸும் ரெக்கவரி கீயும்

பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கோப்பை ஃபேட்32 பார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் புதுப்பிப்புக் கருவியால் ஏற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டு முடங்கிவிடலாம். யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு வசதி இயங்கினால், அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். செயலியை மாற்றியதும் அதற்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி மாறிவிடுவதால், கணினி அந்தக் கீயைக் கேட்கும். கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாது.

நான்காம் படி: செயலியை மாற்றுதல்

ஏஎம்4 செயலிகளில் பின்கள் செயலியின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. காய்ந்த தெர்மல் பேஸ்ட் (செயலியின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) கூலரோடு ஒட்டிக்கொண்டால், கூலரை இழுக்கும்போது செயலியும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும், பின்கள் வளையும். அதனால் முதலில் ஒரு ரெண்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கேஸின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கூலரின் பிடிகளைத் தளர்த்தியபின் நேராக இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். அது சுழலத் தொடங்கிய பிறகே தூக்குங்கள்.

சாக்கெட்டின் நெம்புகோலை உயர்த்திப் பழைய செயலியை எடுங்கள். புதியதன் மூலையில் உள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வையுங்கள். தானாக உள்ளே இறங்க வேண்டும். விரலால் அழுத்தவே கூடாது. நெம்புகோலை இறக்கி, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, கூலரின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஐந்தாம் படி: இயல்பு நிலையில் ஓட்டிப் பார்த்தல்

கணினியை இயக்கியதும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்கி, ராம் அதன் உரிய வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை அரைமணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்புக் கருவியில் வெப்பத்தைக் கவனியுங்கள். இந்தச் செயலியின் உச்சவரம்பு 90 டிகிரி செல்சியஸ். இயல்பு நிலையிலேயே அதைத் தொட்டால் கூலரையோ கேஸின் காற்றோட்டத்தையோ சரிசெய்யுங்கள். அதுவரை ஓவர்கிளாக் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: ஓவர்கிளாக்

எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழைய முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றைக் கோர் 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை தானாக எழும் திறன் அதில் போய்விடும். ரெண்டருக்கு முன் காட்சியைத் தயார்செய்யும் வேலைகளில் பல ஒன்றிரண்டு கோர்களில்தான் நடக்கின்றன, அங்கே மந்தமாகும். கூடவே நிலையான உயர் மின்னழுத்தம் செயலியின் ஆயுளையும் குறைக்கும்.

இதற்குப் பதில் பயாஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் (ஏஎம்டியின் தானியங்கி ஓவர்கிளாக் வசதி) பகுதிக்குப் போய், மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் கர்வ் ஆப்டிமைசரைத் திறங்கள். எல்லாக் கோர்களுக்கும் நெகட்டிவ் 10 என்று கொடுங்கள். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் குறைக்கும். மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் குறையும். அதே 142 வாட்டுக்குள் செயலி தானாகவே கூடுதல் வேகத்துக்குப் போகும். நன்றாக ஓடினால் 15, பிறகு 20 என்று இறங்கலாம். எல்லை 30 வரை இருந்தாலும் எல்லாச் செயலிகளும் அதைத் தாங்குவதில்லை. மின் வரம்பை உயர்த்தும் ஆசை வந்தால், முதலில் விஆர்எம்மின் வெப்பத்தைப் பாருங்கள். ஓவர்டிரைவைப் பயன்படுத்துவது ஏஎம்டியின் உத்தரவாதத்தைப் பாதிக்கும் என்பதையும் தெரிந்தே இறங்குங்கள்.

ஏழாம் படி: உண்மையான சோதனை

கர்வ் ஆப்டிமைசரின் பிழைகள் முழுச் சுமையில் அல்ல, இலேசான வேலையில்தான் அதிகம் வெளிப்படும். சினிபெஞ்சில் வெற்றிகரமாக ஓடிய கணினி, நீங்கள் உலாவியில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது மறுதொடக்கம் ஆகும். எனவே கோர்சைக்ளர் என்ற சோதனைக் கருவி கொண்டு ஒவ்வொரு கோரையும் தனியாகச் சோதியுங்கள். ஒரு நாள் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு, விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வன்பொருள் பிழை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று இருந்தாலும், 5 எண் பின்வாங்குங்கள் (20 என்றால் 15க்கு).

கடைசியாக, முதல் படியில் குறித்துவைத்த அதே பிரேமை ரெண்டர் செய்து நேரத்தை ஒப்பிடுங்கள். அனிமேஷன் என்றால் நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யாமல், பிஎன்ஜி படங்களாகச் சேமியுங்கள். 400ஆவது பிரேமில் கணினி நின்றாலும் முந்தைய 399 பத்திரமாக இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஏதாவது அமைப்புக்குப் பிறகு திரையில் எதுவுமே வராவிட்டால் பதற வேண்டாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். எக்ஸ்எம்பியை மட்டும் மறுபடி இயக்கி, நெகட்டிவ் 10இலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.