வேகக் காருக்கு ஆயில் வாங்கும் முன்

கோவையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வேகமான கார் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதுதான்: "அண்ணா, நம்மூரு வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயிலா ஊத்திரலாங்களா?" வேண்டாம் என்பேன். முகம் சுருங்கும். அப்புறம் உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கும்.

கேனின் முன்பக்கம் 0டபிள்யூ-40 என்று இருக்கிறதா? முதல் பாதி, குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30-லும் வைத்துச் சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி விழும் காலையிலும் நமக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாம் பாதிதான் சூடான எஞ்சினுக்கு. 40 என்றால் 100 டிகிரியில் விஸ்காசிட்டி, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்கும். 60 என்றால் குறைந்தது 21.9. ஓடி சூடேறிய எஞ்சினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வெளியே 25 டிகிரியா 38 டிகிரியா என்பதைப் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டும் கூலரும் சமாளித்துவிடும். ஆயிலை உண்மையில் வாட்டுவது வெயில் அல்ல, நம் வலது கால்.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 4 லிட்டர் வி8 எஞ்சின் உள்ள பிஎம்டபிள்யூ எம்3, இ92 மாடல். 8,400 ஆர்பிஎம் வரை சுற்றும். அதற்குக் கம்பெனி சொன்னது 10டபிள்யூ-60, மொத்தம் 8.8 லிட்டர். இன்னொன்று 997 மாடல் போர்ஷே 911. அதற்கு போர்ஷே ஒப்புக்கொண்டதைக் காட்டும் ஏ40 அப்ரூவல் பெற்ற 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40. ஒரே வெயில், ஒரே டிராக், இரண்டுமே அடி வாங்கும் எஞ்சின்கள், ஆனால் ஆயில் வேறு. பம்ப், பேரிங் இடைவெளி, ஆயில் போகும் வழிகள் எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட ஆயிலை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். 911-ல் 60 ஊற்றிவிட்டு, கேஜில் பிரஷர் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. ஆயில் நகர மறுத்தாலும் பிரஷர் ஏறத்தான் செய்யும்! (எம்3-க்கு அந்த 60 சரிதானா என்று இணையத்தில் நடக்கும் சண்டைக்கு நான் வரவில்லை. அந்த எஞ்சினின் ராட் பேரிங் தேய்மானம் ஊரறிந்த கதை.)

ஆக, முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கேனைத் திருப்புங்கள். மேனுவலில் உள்ள அப்ரூவல் எண் பின்பக்கத்தில் அப்படியே இருக்க வேண்டும்: போர்ஷே ஏ40, பென்ஸ் 229.5, பிஎம்டபிள்யூ எல்எல்-01 என்பதுபோல. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'அப்ரூவல்' என்று போட்டிருந்தால் கார் கம்பெனி சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். 'மீட்ஸ்', 'ரெகமண்டட் ஃபார்' என்றிருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற வார்த்தைக்கு நான் பெரிய மரியாதை கொடுப்பதில்லை, இன்று எல்லாக் கேனிலும் அது இருக்கிறது.

கேனில் பெரும்பாலும் இல்லாத, டேட்டா ஷீட்டில் மட்டும் கிடைக்கும் இன்னொரு எண் எச்டிஎச்எஸ். 150 டிகிரி சூட்டில், வேகமாக உராயும் இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதன் அளவு அது. இரண்டு கேனிலும் 5டபிள்யூ-30 என்றே இருக்கும், ஒன்றில் 2.9, மற்றதில் 3.5 வரும். 30 கிரேடுக்கு 2.9 போதும். ஐரோப்பிய சி3 தரத்துக்குக் குறைந்தது 3.5 வேண்டும். பேரிங்குக்கு இந்த வித்தியாசம் பெரிது.

புதிய கார் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். பெட்ரோல் எஞ்சினிலேயே புகைத்துகள் ஃபில்டர் வைத்திருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் மெல்ல மெல்ல அடைக்கும். போர்ஷே இதற்கென்றே சி40 அப்ரூவல் வைத்திருக்கிறது. மேனுவல் 0டபிள்யூ-20 கேட்டால் அதையே ஊற்றுங்கள்.

'ரேஸ்' என்று எழுதிய கேன் பக்கம் போகாதீர்கள். ரேஸ் முடிந்ததும் வடித்துவிடுகிறவர்களுக்கானது அது. அழுக்கைக் கழுவும் டிடர்ஜென்ட் அதில் குறைவாக இருக்கும், மாதக்கணக்கில் எஞ்சினில் கிடக்க லாயக்கில்லை.

எப்போது மாற்றுவது? மேனுவல் 15,000 கிலோமீட்டர் என்றாலும், டிராக்குக்குப் போகும் காரை நான் 5,000-க்கு மேல் விடுவதில்லை. டிராக்குக்கே போகாமல் அவிநாசி ரோடு நெரிசலில் மட்டும் ஊர்ந்தாலும் கெடுதல்தான். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலந்து அதை நீர்க்கவைக்கும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் சில சமயம் பெட்ரோல் வாடையே அடிக்கும்.

பில் போட்டுத் தரும் டீலரிடம் வாங்குங்கள். காலி கேனில் துளை போட்டுவிட்டே காயலான் கடைக்கு அனுப்புங்கள். நல்ல பிராண்ட் கேனில் கண்டதை நிரப்பி விற்க ஆள் இருக்கிறது.

ஊற்றும்போது மேனுவலில் உள்ள அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி நிறுத்துங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் சூடானதும், சமதளத்தில் நிறுத்தி அளவு பாருங்கள். இ92 எம்3-யில் டிப்ஸ்டிக் கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துப் பார்ப்பதா ஓடும்போதே பார்ப்பதா என்பது காருக்குக் கார் மாறும், மேனுவலில் இருக்கும். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்புங்கள். மேக்ஸ் கோட்டைத் தாண்டிவிட்டால் கூடுதலானதை மட்டும் வடித்துவிடுங்கள்.