மகளின் ரேஸ் வண்டி பாதியில் நின்றபோது

ஒஹாயோவில் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது. ஜூனியர் டிராக் ரேஸிங்கை (சிறுவர்கள் நேர்கோட்டுப் பாதையில் ஓட்டும் பந்தயம்) 5 வயதிலேயே தொடங்கலாம் என்று தெரிந்ததும், ஒற்றை சிலிண்டர் எஞ்சின் கொண்ட பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். எரிபொருள் மெத்தனால் என்ற ஆல்கஹால். தூரம் 1/8 மைல், சுமார் 201 மீட்டர்.

குளிர்காலம் முடிந்து முதல் நாள். மூன்றாவது ஓட்டத்தில் எஞ்சின் திணறி நின்றது. ஸ்டார்ட்டர் வைத்தும் சுற்றவில்லை. "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

பிரித்துப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தது, பிஸ்டன் பக்கவாட்டில் நீளக் கீறல்கள். கார்புரேட்டர் ஜெட்டில், அதாவது எரிபொருள் பாயும் சிறு துளையில், வெள்ளைப் பொடி! மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், அலுமினியத்தை அரிக்கும். நான் அதை வடிக்காமலே மாதக்கணக்கில் விட்டிருந்தேன். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், மெத்தனாலுக்கு 6.4தான். அதாவது எரிபொருள் இரு மடங்குக்கு மேல் பாய வேண்டும். ஜெட் அடைத்தால் கலவையில் எரிபொருள் குறைந்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

புது பிஸ்டன், ரிங் போட்டு, சிலிண்டரின் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கினேன் (ஹோனிங்). எரிபொருள் குழாய்களையும் மாற்றினேன். இப்போது ஓட்டம் முடிந்த அன்றே டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுகிறேன். ஈரம் கலந்து ஆயில் பால் நிறமானால் உடனே மாற்றிவிடுகிறேன். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது என்பதால் வடிக்கும்போது மகளைத் தள்ளியே நிற்கச் சொல்வேன்.

அடுத்த வாரம் முழு தூரமும் ஓட்டினாள்.