ஆதாம் தின்பான் என்று தேவனுக்கு முன்பே தெரியுமே: இந்தக் கேள்வியில் நாம் வழுக்கும் இடங்கள்

ஓய்வுநாள் பள்ளியில் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை எடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "ஆதாம் பழத்தைத் தின்பான் என்று தேவனுக்கு முன்பே தெரியும் அல்லவா? அப்புறம் அவன்மேல் என்ன குற்றம்?" அந்தப் பிள்ளையை அதட்டி உட்காரவைப்பதுதான் முதல் தவறு. பழைய திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் தொடங்கி 1,600 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய அறிவாளிகள் மல்லுக்கட்டிய கேள்வி அது.

நாம் அதிகம் வழுக்குவது "நிச்சயம்" என்ற சொல்லுக்கும் "கட்டாயம்" என்ற சொல்லுக்கும் நடுவில். தேவன் அறிந்தது நிச்சயம் நடக்கும். ஆகவே ஆதாம் கட்டாயம் தின்றாக வேண்டும் என்று தாவிவிடுகிறோம். ஏறக்குறைய 524-இல், சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ரோமத் தத்துவ அறிஞர் போயேத்தியஸ் இதற்கு ஓர் உதாரணம் எழுதினார். ஒருவன் நடந்து போகிறான். அதே வேளையில் சூரியன் எழுகிறது. இரண்டையும் நாம் பார்க்கிறோம். பார்க்கிற அந்தக் கணத்தில் இரண்டும் நிச்சயம்தான். ஆனால் சூரியன் எழாமல் இருக்க முடியாது, நடக்கிறவனோ நினைத்தால் நின்றுவிடலாம். நம் கண் அவன் காலைத் தள்ளவில்லை. அவன் நடப்பதால்தான் நாம் பார்க்கிறோமே தவிர, நாம் பார்ப்பதால் அவன் நடக்கவில்லை. இதை நிதானமாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பாதிதான். "அறிவது வேறு, செய்யவைப்பது வேறு" என்று சொல்லிவிட்டு வேதப்புத்தகத்தை மூடிவிடுவது நம்மைப் போன்றவர்கள் செய்யும் தவறு. எந்த மாணவன் தேர்வில் தோற்பான் என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும், அதற்காக அவரா தோற்கடித்தார் என்ற உவமையை நானும் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. ஆசிரியரின் கணிப்பு பொய்த்துப்போகலாம்; தேவனுடைய அறிவு பொய்க்காது என்பதுதானே நம் விசுவாசம்? 1965-இல் நெல்சன் பைக் என்ற தத்துவ அறிஞர் இந்த இடத்தில்தான் அழுத்தினார். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, தவறவே முடியாத ஒருவர் என் நாளைய செயலை அறிந்திருக்கிறார் என்றால், நாளை நான் வேறொன்றைச் செய்ய, நடந்து முடிந்த கடந்த காலத்தையே மாற்றும் வல்லமை எனக்கு வேண்டும். அது யாரிடம் இருக்கிறது?

போயேத்தியஸின் பதில் இதற்கும் ஓரளவு பொருந்தும். தேவன் காலத்துக்குள் நின்று எதிர்காலத்தை எட்டிப் பார்க்கவில்லை. எல்லாக் காலமும் அவர்முன் ஒரே நிகழ்காலமாக இருக்கிறது என்றார் அவர். நம் தமிழ்ச் சொல்லான "முன்னறிவு" இங்கே நம்மை ஏமாற்றுகிறது. அதிலுள்ள "முன்" நமக்குரியது, அவருக்குரியது அல்ல.

அந்தச் சொல்லை "முன்குறித்தல்", அதாவது தேவன் முன்பே தீர்மானித்து வைப்பது, என்பதோடு கலப்பதும் உண்டு. ரோமர் 8:29 இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது, ஆனால் ஒன்றாக்கவில்லை. தேவன் தீர்மானித்ததால்தான் அறிந்திருக்கிறார் என்று திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர் கால்வின் கற்பித்தார். பின்வந்த டச்சு இறையியலாளர் அர்மீனியஸ் அதை ஏற்கவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஆதாமின் கதையைத் தலையெழுத்துக் கதையாகச் சொல்லிவிடக் கூடாது. தலையெழுத்தில் மனிதன் எப்படி ஓடினாலும் முடிவு வந்து சேரும். வேதம் காட்டுவது அப்படியல்ல.

1 சாமுவேல் 23-ஐ எடுத்துப் பாருங்கள். தாவீது கேகிலா ஊரில் இருக்கிறான். தன்னைக் கொல்லத் தேடும் சவுல் அரசன் இங்கே வருவானா என்று கர்த்தரிடம் கேட்கிறான். வருவான் என்கிறார் கர்த்தர். இந்த ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். உடனே தாவீது ஏறக்குறைய 600 பேரோடு ஊரைவிட்டு வெளியேறுகிறான். சவுல் வரவில்லை, யாரும் யாரையும் பிடித்துக் கொடுக்கவுமில்லை. இன்ன நிலையில் இன்னார் இன்னது செய்வார் என்று தேவன் அறிந்திருந்தார். அந்த அறிவு தாவீதின் காலைக் கட்டவில்லை, அவன் தப்பிக்க வழிகாட்டியது. 1588-இல் மோலினா என்ற இயேசு சபைக் குரு, இன்ன நிலையில் மனிதர் சுதந்தரமாக என்ன செய்வார்கள் என்பதையும் தேவன் அறிவார் என்ற தம் கொள்கைக்கு இந்தப் பகுதியை ஆதாரமாகக் கொண்டார்.

ஆனால் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இதுகூட அல்ல. "தெரிந்திருந்தும் ஏன் அந்த மரத்தை அங்கே வைத்தார்?" இது வேறு கேள்வி. முந்தையது ஆதாமின் சுதந்தரத்தைப் பற்றியது, இது தேவனுடைய நன்மையைப் பற்றியது. முதலாவதற்கான பதிலை இரண்டாவதற்குக் கொடுத்தால் பிள்ளை வாயை மூடும், மனம் ஆறாது. கீழ்ப்படியாமல் இருக்க வழியே இல்லாத தோட்டத்தில் கீழ்ப்படிதலுக்குப் பொருள் இருந்திருக்காது என்பதுதான் என்னால் மனதாரச் சொல்ல முடிந்த பதில். அதன் பிறகும் அந்தப் பிள்ளையின் முகத்தில் கேள்வி மிச்சம் இருந்தால், இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

கதையில் இல்லாததை ஏற்றிச் சொல்வதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. அந்த அதிகாரத்தில் ஆப்பிள் இல்லை, சாத்தான் என்ற பெயரும் இல்லை, இருப்பது சர்ப்பம். தேவன் முன்பே அறிந்திருந்தார் என்றும் அங்கே ஒரு வரி கிடையாது. வேதத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து நாம் கொண்டுவருவது அது. "நீ எங்கே இருக்கிறாய்" என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேவனுக்குத் தெரியவில்லை என்பதும் அவசரம். அடுத்த அதிகாரத்தில் காயீனிடமும் உன் சகோதரன் எங்கே என்று கேட்கிறார், அவன் மறுத்ததும் இரத்தம் கூப்பிடுவதைத் தாமே சொல்கிறார்.

ஆதாமின் பதிலை மெல்லப் படியுங்கள். நீர் தந்த ஸ்திரீ கொடுத்தாள், நான் புசித்தேன். மனைவியைக் காட்டிக் கொடுக்கிறான், அவளைத் தந்தவர்மேலும் பழியைப் போடுகிறான். கையில் கிடைத்த சாக்கையெல்லாம் எடுத்தவன், "உமக்குத்தான் முன்பே தெரியுமே" என்று மட்டும் சொல்லவில்லை.