பாட்-லிமிட் ஒமாஹா: முதல் நான்கு சீட்டுகளை எடைபோடுவது எப்படி

ஒமாஹா போக்கரில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள் தரப்படும். ஆனால் கையைத் திறந்து காட்டும்போது அந்த நான்கில் சரியாக இரண்டையும், மேசையில் விரிக்கப்பட்ட ஐந்து பொதுச் சீட்டுகளில் சரியாக மூன்றையும் மட்டுமே சேர்க்க வேண்டும். டெக்சஸ் ஹோல்டம் ஆடிப் பழகியவர்கள் இந்த விதியைப் படித்ததும் புரிந்துகொள்வார்கள், ஆட்டச் சூட்டில் மறந்தும்விடுவார்கள். உங்கள் கையில் ஸ்பேடு ஏஸ் மட்டும் இருந்து, மற்ற மூன்றும் வேறு இனமாக இருக்க, மேசையில் நான்கு ஸ்பேடுகள் விழுந்திருக்கின்றன என்று கொள்வோம். ஹோல்டமில் அது மிக உயர்ந்த ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்). ஒமாஹாவில் அது ஃப்ளஷே இல்லை, ஏனெனில் கையிலிருந்து இரண்டு ஸ்பேடுகள் வந்தாக வேண்டும்.

ஆகவே நான்கு சீட்டுகளை நான்காகப் பார்க்காமல், அவற்றிலிருந்து கிடைக்கும் ஆறு ஜோடிச் சேர்க்கைகளாகப் பார்க்கப் பழகுங்கள். ராஜா, ராணி, ஜாக்கி, 3 என்ற கை கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த 3 எதனோடும் ஒட்டாததால் ஆறு சேர்க்கைகளில் மூன்று வீணாகின்றன. மற்றவர்கள் ஆறோடு ஆடும்போது நீங்கள் மூன்றோடு ஆடுகிறீர்கள். ரம்மியில் எதனோடும் சேராத சீட்டைக் கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது, ஒட்டாத சீட்டு கடைசிவரை கையிலேயே இருக்கும். மொத்தம் 2,70,725 தொடக்கக் கைகள் சாத்தியம் என்பதால் (ஹோல்டமில் 1,326 மட்டுமே) பட்டியலை மனப்பாடம் செய்யும் முயற்சி பலன் தராது. தொடர்ச்சி, இனம், உயரம் என்ற மூன்றையும் ஒரே பார்வையில் எடைபோடும் பழக்கமே தேவை.

தொடர்ச்சியில்தான் ஒமாஹாவின் சுவை இருக்கிறது. ஜாக்கி-10-9-8 போல இடைவெளியின்றி இறங்கும் கையை ரன்டவுன் என்பார்கள்; ஆறு சேர்க்கைகளும் ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த எண்களில் ஐந்து சீட்டுகள்) உதவும் கை இது. இடைவெளி இருந்தே தீரும் என்றால் அது கீழே இருக்கட்டும்: 10-9-8-6 நல்ல கை, 10-8-7-6 அதைவிடக் குறைந்தது. இடைவெளி மேலே இருந்தால், உங்களுக்கு அமையும் ஸ்ட்ரெய்ட்டுகளில் பலவற்றுக்கு மேலே இன்னொரு ஸ்ட்ரெய்ட்டுக்கு இடம் இருக்கும்.

இதை ஒரு ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளில், வைத்துப் பார்க்கலாம். உங்கள் கை ஜாக்கி-10-7-6. ஃப்ளாப்பில் மூன்று இனங்களில் 9-8-2 விழுகிறது. அடுத்து ராணியோ 5-ஓ வந்தால் தலா நான்கு, ஜாக்கி, 10, 7, 6 ஆகியவற்றில் தலா மூன்று என, பார்க்காத 45 சீட்டுகளில் 20 உங்களுக்கு ஸ்ட்ரெய்ட் தரும். புதியவர் இந்த எண்ணிலேயே மயங்கிவிடுவார். ஆனால் ஜாக்கி விழுந்தால் ராணி-10 வைத்திருப்பவரும், 10 விழுந்தால் ராணி-ஜாக்கி வைத்திருப்பவரும் உங்களை முந்துவார்கள். அந்த ஆறைக் கழித்தால் உச்சக் கை தருபவை 14 மட்டுமே. இதே ஃப்ளாப்பில் ராணி-ஜாக்கி-10 உள்ள கைக்கு ஸ்ட்ரெய்ட் தருபவை 13 சீட்டுகள்தாம். ஆனால் 13-உம் உச்ச ஸ்ட்ரெய்ட் தருபவை. பாட் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) பெரிதாக வளரும் ஆட்டத்தில் இரண்டாமிடக் கைதான் அதிகம் செலவு வைக்கும் என்பதால், எண்ணும்போது உச்சமானவற்றை மட்டும் எண்ணுங்கள். 5-4-3-2 போன்ற தாழ்ந்த ரன்டவுனை விலக்கச் சொல்வதும் இதனால்தான்: மேசையில் 6-7-8 விழுந்தால் உங்கள் 5-4 ஸ்ட்ரெய்ட்தான், ஆனால் 10-9 வைத்திருப்பவர் அதற்காகவே காத்திருப்பார்.

இனத்தைப் பொறுத்தவரை, இரண்டு சீட்டுகள் ஓர் இனமாகவும் மற்ற இரண்டு இன்னோர் இனமாகவும் அமைவதே சிறப்பு. இதை டபுள் சூட்டட் என்பார்கள். அவற்றில் ஒன்றிலாவது ஏஸ் தலைமை தாங்கினால் கையின் மதிப்பு வெகுவாக உயரும். நான்கும் ஒரே இனம் என்றால் மகிழ வேண்டாம்: இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், மீதமிருப்பதோ அந்த இனத்தில் ஒன்பது சீட்டுகளே.

ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் செட் (அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) அமைவது ஏறக்குறைய எட்டில் ஒரு முறை. 2, 3, 4 போன்ற சிறு ஜோடிகளுக்குச் செட் அமைந்தாலும் பெரிய செட்டிடம் மாட்டிக்கொள்ளும் அபாயம் ஒமாஹாவில் அதிகம். மற்ற இரண்டு சீட்டுகளும் நன்றாக இல்லாவிட்டால் அவற்றை மடக்கிவிடுங்கள். ஒரே எண்ணில் மூன்று சீட்டுகள் வந்தால் யோசிக்கவே வேண்டாம். நான்கு 2-களும் ஒருவர் கைக்கே வருவது இந்த ஆட்டத்தின் மிக மோசமான கை.

ஏஸ் ஜோடியைத் தனியாகப் பேச வேண்டும். ஹோல்டமில் அது ராஜா ஜோடியை 100-க்கு 80 முறைக்கு மேல் வெல்லும். ஒமாஹாவில் ஏஸ்-ஏஸ்-7-2 நான்கு இனங்களில் வந்தால், டபுள் சூட்டட் ஜாக்கி-10-9-8 எதிரே அது ஏறக்குறைய சமநிலைதான். ஏஸ்-ஏஸ்-ராஜா-ராஜா அல்லது ஏஸ்-ஏஸ்-ஜாக்கி-10 டபுள் சூட்டட்டாக வந்தால் கதை வேறு, அவை ஆட்டத்தின் உச்சக் கைகள். துணையில்லாத ஏஸ் ஜோடியோடு எப்போது பணத்தைக் குவிப்பது என்பதற்குப் பாட் கணக்கே வழிகாட்டும். பாட்-லிமிட் என்றால் பாட்டின் அளவுவரை மட்டுமே உயர்த்தலாம் என்று பொருள். பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்) 1, 2 என்றால் முதல் ரெய்ஸ், அதாவது முதல் உயர்த்தல், அதிகபட்சம் 7. அடுத்தவர் 24 வரை உயர்த்தலாம். அதன்பின் முதலாமவர் 75 வரை போகலாம். உங்களிடம் 200 இருந்தால் அந்த 75 மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்பதால், உயர்த்திவிடுவதே சரி. ஏழு போட்டு, கையில் 193 மீதமிருக்கும் நிலையில் ஃப்ளாப்பைப் பார்த்தால், மேசையில் 9-8-7 விழுந்த கணமே நீங்கள் இருட்டில் நிற்பீர்கள்.

எந்த இருக்கையில் ஆடுகிறீர்கள் என்பதும் கையின் மதிப்பை மாற்றும். டீலர் பட்டன் (சீட்டுப் பகிர்பவரின் இடத்தைக் குறிக்கும் வில்லை) உங்களிடம் இருந்தால், மற்றவர்கள் செய்வதைப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். 10-9-8-6 அங்கே தாராளமாக ஆடக்கூடியது, முதலில் பேச வேண்டிய இடத்தில் சந்தேகத்துக்குரியது. தொடக்கத்தில் ஐந்து கைகளுக்கு ஒன்றுக்கு மேல் ஆட வேண்டாம் என்பது என் கருத்து. இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பயிற்சிக்குப் பணமில்லாத சில்லுகளும், ஒரு சீட்டுக்கட்டும், நண்பர்கள் மூவரும் போதும். நான்கு நான்காகப் பகிர்ந்து, ஃப்ளாப்பைத் திறக்குமுன் ஒவ்வொருவரும் தம் கையின் ஆறு சேர்க்கைகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.