மும்பையிலிருந்து த்வேர் நகரின் வரலாற்றைப் படிக்கும் முறை

தூரத்து ஊரின் வரலாற்றைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அரசர்களின் பட்டியலில் தொடங்கி, பத்தாவது பெயருக்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மும்பைத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற எனக்கு வேறு வழிதான் சரியாகப் படுகிறது. ஆற்றங்கரை ஊர் என்றால் முதலில் தண்ணீர், அடுத்தது சரக்கு, அரசர்கள் அதற்குப் பிறகுதான். மாட்டுங்காவில் என்னிடம் வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். பழகுவதற்கு நான் கொடுக்கும் ஊர் த்வேர். மாஸ்கோவுக்கு வடமேற்கே, வோல்காவின் மேல்பகுதியில் இருக்கும் மாவட்டத் தலைநகர் போன்ற ஊர். 15ஆம் நூற்றாண்டில் நம் கொங்கணக் கரையில் வந்து இறங்கிய வணிகர் அஃபனாசி நிகீதின் அந்த ஊர்க்காரர்.

முதலில் வரைபடத்தைப் பார்த்து நீங்களே ஒரு தாளில் வரையுங்கள். கடைசியில் காஸ்பியன் கடலில் சேரும் வோல்கா, சுமார் 3,500 கி.மீ. நீளமுள்ள ஆறு. த்வேரில் அது இன்னும் இளம் ஆறுதான். வடக்கிலிருந்து த்வேர்த்சா வந்து கலக்கிறது. தென்கரையில் த்மாகா என்ற சிற்றாறு. பழைய கோட்டை த்மாகா வோல்காவில் கலக்கும் இடத்தில் நின்றது. இந்த மூன்று கோடுகளையும் போட்டுவிட்டால் ஊர் ஏன் அங்கே பிறந்தது என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, சரக்கைப் பின்தொடருங்கள். 1703-இல் பீட்டர் மன்னர் புதிய தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கை எழுப்பத் தொடங்கினார். அதற்குத் தானியம் வேண்டும். தானியம் வோல்கா நாட்டில் விளைந்தது. விஷ்னி வொலோச்சோக்கில் கால்வாய் வெட்டி, வோல்காவையும் பால்டிக் பக்கத்து ஆறுகளையும் இணைத்தார்கள். 1709-இல் அது திறந்தது. வோல்காவில் வந்த படகுகள் த்வேரில் திரும்பி, த்வேர்த்சாவின் ஓட்டத்தை எதிர்த்துக் குதிரைகளால் இழுக்கப்பட்டு வடக்கே போயின. வழியில் ம்ஸ்தா ஆற்றின் பாறை அருவிகளைத் தாண்டிய படகு திரும்பி வர முடியாது. அதனால் பீட்டர்ஸ்பர்க்கில் சரக்கை இறக்கியதும் படகையே உடைத்து மரமாக விற்றார்கள். ஒரு பயணத்துக்கு ஒரு படகு! எத்தனை காடு இதற்காகக் கரைந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

1810, 1811-இல் வேறு இரண்டு நீர்வழிகள் திறந்தன. அவை வோல்காவில் த்வேருக்குக் கீழே ரீபின்ஸ்க் பக்கம் பிரிந்ததால் சரக்கு அங்கே நகர்ந்தது. 1851-இல் மாஸ்கோ–பீட்டர்ஸ்பர்க் ரயில் பாதை வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. ஆனால் அதே ரயில் பஞ்சாலைகளுக்கு வழிவிட்டது. மொரோசோவ் குடும்பத்தின் ஆலையும், அதைச் சுற்றிய செங்கல் குடியிருப்புகளும் இப்படித்தான் எழுந்தன. பரேல், லால்பாக்கில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சால் என்ற வரிசை வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடியிருப்புகளின் படங்கள் சட்டென்று புரியும்.

பெயரிலும் தேதியிலும் இடறாமல் இருக்கச் சில குறிப்புகள். 1931 முதல் 1990 வரை இந்த ஊரின் பெயர் கலீனின். 1941 அக்டோபரில் ஜெர்மானியர் பிடித்து, டிசம்பர் 16-இல் சோவியத் படை மீட்ட கதையைத் தேடும்போது த்வேர் என்று தேடினால் பாதி கிடைக்காது. பழைய ஏடுகள் உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆண்டை எண்ணுகின்றன. 5508 கழித்தால் நம் ஆண்டு. 6983 என்றால் 1475. அவர்களுடைய ஆண்டு செப்டம்பரில் தொடங்கினால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நிகழ்ச்சிகளுக்கு 5509 கழிக்க வேண்டும். 1763-இல் ஊர் எரிந்த பிறகு மூன்று தெருக்கள் ஒரே இடத்திலிருந்து விரிகிற புதிய அமைப்பைத் தந்த கட்டடக் கலைஞரின் பெயரும் நிகீதின்தான், பியோத்தர் நிகீதின். வணிகரோடு சேர்த்துவிடாதீர்கள்.

இனி ஊரில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்து, அங்கே நின்றவற்றை வரிசைப்படுத்துங்கள். நான் சொல்வது த்வேர்த்சா கலக்கும் கூடுதுறை. அங்கே ஓத்ரோச் மடம் இருந்தது. அறிஞர் கிரேக்க மாக்சிம் பல ஆண்டுகள் அங்கே காவலில் வைக்கப்பட்டார். கொடுங்கோலன் இவானை முகத்துக்கு நேரே கண்டித்த தலைமைக் குரு பிலிப், 1569 டிசம்பரில் அதே மடத்தில் கொல்லப்பட்டார். 1930-களில் மடத்தை இடித்துவிட்டு அங்கே படகு நிலையம் கட்டினார்கள். 1722-இல் கட்டிய ஒரு தேவாலயம் மட்டும் தப்பியது. தூண்களும் கூர்கோபுரமுமாக நின்ற படகு நிலையத்தின் ஒரு பகுதி 2017-இல் சரிந்து விழுந்தது. அந்த ஒரு முனையை மட்டும் ஒழுங்காகப் படித்தாலே சமயம், அரசு, சோவியத் காலம், பராமரிப்பின்மை எல்லாம் தெரிந்துவிடும்.

இதில் மும்பைக்காரர்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் மாண்ட்வா, அங்கிருந்து அலிபாக், பிறகு பஸ்ஸில் ரேவ்தண்டா. அதை அடுத்த சௌல்தான் நிகீதின் இறங்கிய துறை. ரேவ்தண்டாவில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. போவதற்கு முன் அவருடைய பயணக் குறிப்பின் மொழிபெயர்ப்பைப் படித்துவிடுங்கள். விற்பதற்காக ஒரு குதிரையைக் கடல் கடந்து கொண்டுவந்தார். ஜுன்னாரில் ஆட்சியாளர் அதைப் பறித்துக்கொண்டு, மதம் மாறினால் தருவேன் என்றார்; குராசானிலிருந்து வந்த ஒருவரின் தயவால்தான் திரும்பக் கிடைத்தது. நான்கு மாதம் இரவும் பகலும் எங்கும் நீரும் சேறுமாக இருந்ததை அவர் குளிர்காலம் என்று எழுதுகிறார். நம் மழைக்காலம்தான் அது! மிளகும் சாயமும் மலிவு, ஆனால் சுங்கம் அதிகம், கடலில் கொள்ளையர் ஏராளம், எங்கள் நாட்டுக்கேற்ற சரக்கு இல்லை என்றும் கணக்குச் சொல்கிறார். என் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த வரிகளில் ஒரு நேர்மையான வியாபாரியின் குரல் கேட்கும். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து மாண்ட்வா படகு ஓடாது, அக்டோபருக்குப் பிறகு போங்கள்.

கடைசியாக, ஏட்டை யார் வைத்திருந்தார் என்று பாருங்கள். நிகீதின் ஊர் சேரவில்லை, ஸ்மொலென்ஸ்குக்கு முன்பே இறந்தார். அவருடைய குறிப்புகளை வணிகர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது மாஸ்கோ இளவரசரின் எழுத்தரிடம். 1485-இல் த்வேரே மாஸ்கோவின் கைக்குப் போய்விட்டது. ஆகவே த்வேரைப் பற்றிய பல செய்திகள் வென்றவர்களின் பெட்டியிலிருந்து வருகின்றன. அப்போது ரஷ்ய இளவரசர்களை அடக்கி வைத்திருந்த தாத்தாரியருக்கு எதிரான 1327 எழுச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். த்வேர் ஏட்டின்படி, தூத்கோ என்ற திருத்தொண்டர் காலையில் தன் பெண் குதிரையை வோல்காவுக்குத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போனார். தாத்தாரியர் அதைப் பிடுங்கினார்கள், அவர் கூச்சலிட்டார், ஊரே திரண்டது. ஊரைத் தண்டிக்க வந்த தாத்தாரியப் படையோடு மாஸ்கோ இளவரசர் இவானும் வந்தார் (கொடுங்கோலன் இவான் அல்ல, அவருக்கு முந்தைய வேறொருவர்). அந்த ஆண்டை முதலில் த்வேர் ஏட்டில் படித்துவிட்டு, அதற்குப் பிறகு மாஸ்கோ ஏட்டைத் திறந்து, இவானின் பங்கு எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.